நானே கட்டி நானே பாஸ் செய்த கம்ப்யூட்டர்

டெஸ்ட் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "சாதனையா ஒண்ணு எழுதுங்க சார்" என்று கேட்டவர் ஒருகாலத்தில் என்னிடம் வேலை பழகியவர். அதனால் என்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் உயர்வான எண்ணம். என் சாதனைகளை வழியனுப்பு விழாவிலேயே எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி நான் செய்ததே இல்லை. கழுத்தில் மாலையோடு நிற்கிறவன் எப்படி மறுப்பது என்று சும்மா இருந்துவிட்டேன். ஆகவே ரிடையர் ஆன பிறகு, கம்பெனி கேட்டுக்கு வெளியே, என் வீட்டு முன்னறையில் நடந்ததை எழுதுகிறேன். இது முழுக்க முழுக்க நானே செய்தது. யாரும் பங்கு கேட்டு வர மாட்டார்கள்.

அதற்கு முன் ஷட்டர் கதை. உங்கள் சீனியர்கள் பலமுறை கேட்டுச் சலித்த கதைதான். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓரகடத்தில் நம் பழைய பிளான்ட்டில், லைனின் கடைசியில் ஒரு கேமரா இருந்தது. சர்க்யூட் போர்டில் பாகங்கள் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று படம் எடுத்துப் பார்த்து, கோணலாக இருந்தால் தள்ளிவிடும். திடீரென்று அது சாயங்கால வேளையில் மட்டும் நல்ல போர்டுகளையும் தள்ள ஆரம்பித்தது. தள்ளிய போர்டுகளை நான் சோதனை செய்யும் பென்ச்சுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். போர்டைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லி, அந்த ஸ்டேஷனில் நின்ற பெண்ணுக்கு வார்னிங் கொடுத்தார்கள். கடைசியில் நான் பென்ச்சை விட்டு எழுந்து, ஒரு சாயங்காலம் முழுக்கக் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். சரக்கு ஏற்ற லாரி வந்தபோது டிஸ்பாட்ச் ஷட்டரைத் தூக்கினார்கள். மேற்கு வெயில் நேராக வந்து கேமராவின் கண்ணில் அடித்தது. நல்ல போர்டெல்லாம் அதற்குக் கோணலாகத் தெரிந்தது.

மேனேஜர் கை கொடுத்தார். கேன்டீனில் தனியாக இனிப்பு வைத்தார்கள். அந்த ஒரு ஷட்டரை வைத்துக்கொண்டு ரிடையர் ஆகிறவரை காலத்தை ஓட்டினேன். கோளாறைத் தூக்கிக்கொண்டு உன் இடத்துக்கு வராதே, அது இருக்கிற இடத்துக்கு நீ போய் நில் என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வகுப்பெடுத்தேன். வீட்டில் சோறு பரிமாறும்போதும் எடுத்தேன். என் மனைவி ஸ்டெல்லாவும் மகள் பிரின்சியும் அதை மனப்பாடமாகவே சொல்வார்கள்.

பிரின்சி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் லைன் வேலை பார்த்தவள். தலைப்பிரசவத்துக்காகச் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காண்ட்ராக்ட் வேலை, விட்டால் விட்டதுதான். குழந்தை பிறந்த பிறகு அதை வைத்துக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை செய்ய இனிமேல் போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஜாதியும் இல்லை. தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்கு மனுப்போட்டாள். வீட்டுச் சாமான் விற்கும் ஆன்லைன் கடை ஒன்றுக்கு, மிக்ஸி மூடி உடைந்து வந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு உடனுக்குடன் பதில் எழுத வேண்டும். முதலில் ட்ரையல். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்துபோனால், அது ஆள் தப்பா மெஷின் தப்பா என்று டீம் லீடுக்கு எழுதிவிட வேண்டும். மெஷின் தப்பென்றால் மன்னிப்பு உண்டு. ஆள் தப்பு சேர்ந்துகொண்டே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளோ ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறாள், வேறு எங்கே போவாள்?

எங்கள் பக்கம் கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் ஒரு ஃபேன், ஒரு லைட், இன்டர்நெட் பெட்டி வரை தாங்கும். சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றைச் சேர்த்தால் படுத்துக்கொள்ளும். லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நியாயமான பேச்சு. ஒரு சாதாரண மனிதன் சரி என்றிருப்பான்.

"லேப்டாப்புல உள்ள கைய வுட முடியாது மாப்ள. நானே சின்னதா ஒண்ணு கட்டித் தரேன். கரண்டே குடிக்காது" என்றேன்.

எப்படிக் கட்டினேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். டிபன் பாக்ஸ் அளவு. குறைவாகக் கரண்ட் குடிக்கும் ப்ராசஸர் ஒட்டிய குட்டி போர்டு. ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. உள்ளே உண்டாகிற சூட்டை அலுமினியப் பெட்டியே வாங்கி வெளியே விட்டுவிடும். சாப்பாட்டு மேசையில் விரிப்பு விரித்து, உடம்பிலிருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டி, அதன் வயரைச் சமையலறைச் சுவர் ப்ளக்கில் மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் அந்த வயரைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

"இன்னாங்க, கட்டிப்போட்ட மாதிரி குந்திகினு கீறீங்க. ஒரு கொழம்பு எறக்கறதுக்குள்ள நாலு தாண்டு தாண்ட வேண்டிதா கீது" என்றாள்.

நம் தொழிற்சாலையில் ஒரு கட்டளை உண்டு. கட்டியவன் பாஸ் செய்யக் கூடாது. இன்னொரு கண் பார்த்த பிறகுதான் பச்சை ஸ்டிக்கர். அந்தக் கட்டளைக்காக நான் ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் இன்னொரு கண்ணுக்கு எங்கே போவது? நானே கட்டினேன், நானே சோதித்தேன், வழியனுப்பு நாளில் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த பச்சை ஸ்டிக்கர் ஒன்றை நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

பிறகு தூசு ஞாபகம் வந்தது. எங்கள் வீடு வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். கன்டெய்னர் லாரிகள் போகிற வேகத்தில், காலையில் துடைத்த டிவியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். ஸ்டெல்லா மிக்ஸி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின் என்று வீட்டில் எதற்கெல்லாம் முடியுமோ அதற்கெல்லாம் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். இதற்கும் ஒன்று கேட்டேன். மிச்சமிருந்த ஜன்னல் திரைத் துணியில் அழகாகத் தைத்தாள். பின்பக்கம் வயர் போவதற்காகத் தாராளமாகத் திறந்து விட்டிருந்தாள்.

அந்த உறையை நான் டார்ச் அடித்துச் சோதித்தேன். பின்னால் இவ்வளவு இடைவெளி இருக்கிறதே, தூசு அப்படியே உள்ளே போகுமே என்று ரிஜெக்ட் செய்தேன். உள்ளே இன்னொரு துணி வைத்து, கீழே எலாஸ்டிக் போட்டு, வயருக்குப் பட்டன் ஓட்டை அளவு மட்டும் விடச் சொன்னேன்.

"மிக்ஸிக்கு தெச்சேன், ஃபிரிட்ஜுக்கு தெச்சேன். எதுவும் திரும்பி வந்ததில்ல. இது ஒண்ணுதான் ரீவொர்க்குக்கு வருது" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தைத்துக் கொடுத்தாள். இரண்டாவது உறை பெட்டியைக் கவ்விப் பிடித்தது. ஓகே என்றேன்.

நீங்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். பெட்டிதான் சூட்டை வெளியே விடும் என்று சற்று முன்னால் எழுதிய அதே ஆள்தான் அந்தப் பெட்டிக்கு இரட்டைத் துணியில் போர்வை போர்த்தினான். கரண்ட் குறைவு, அதனால் சூடும் கிடையாது, ஃபேனே இல்லாததற்குக் காற்று எதற்கு என்று மனதுக்குள் ஒரு கணக்கு. கணக்கு என்றுகூடச் சொல்லக் கூடாது. திமிர்.

ட்ரையல் தொடங்கியது. வெயில் ஏறாத நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் ஒரு மத்தியானம் மெஷின் மந்தமாகி, வாடிக்கையாளர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. நான் ஓடிப்போய் வயர்களை உருவி, உறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்குத் தூக்கி வந்தேன். எர்த் பட்டை கட்டிக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. சூடு பார்த்தேன், சாதாரணம். திரும்பக் கொண்டுபோய் வைத்து, உறையைப் பத்திரமாக மாட்டிவிட்டேன்.

"மெஷின் நல்லாதான் இருக்கு. நீ ஒரே நேரத்துல நாலஞ்சு விண்டோ தொறந்து வெச்சிருப்ப" என்றேன்.

அடுத்த முறை அணைந்தபோது அடாப்டரை மாற்றினேன். அதற்கடுத்த முறை படப்பையில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் மெமரி வாங்கி வந்து போட்டேன். ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றித்தான் பெட்டியைத் தூக்கினேன், ஒவ்வொரு முறையும் என் மேசையில் அது தங்கமாக ஓடியது, ஒவ்வொரு முறையும் உறையை மாட்டித்தான் திருப்பிக் கொடுத்தேன். ஷட்டர் கதைக்குக் கை கொடுத்த மேனேஜர் அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் கொடுத்த கையைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

மெஷினில் மாற்ற ஒன்றும் மிச்சமில்லாதபோது நம் தொழிலில் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். அதை நான் பிரின்சியிடம் சொன்னேன்.

"இது ஆபரேட்டர் மிஸ்டேக்தான். நீ எதையோ தப்பா அழுத்தற."

அவள் நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"லைன்ல நின்னப்ப இதையேதான் சொன்னாங்க. எது ரிஜெக்ட் ஆனாலும் ஆபரேட்டர் மிஸ்டேக். வூட்டுக்கு வந்தா நீயும் அதான் சொல்ற" என்றாள். பிறகு, "அப்பா, உன் ஷட்டர் கதைல வார்னிங் வாங்குச்சே ஒரு பொண்ணு, அது பேர் இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லியும், அந்தப் பெண்ணின் பேரை நான் கேட்டதே இல்லை. வார்னிங்கைத் திரும்ப எடுத்தார்களா, அவள் வேலையில் நீடித்தாளா என்பதும் தெரியாது. ஷட்டரைக் கண்டுபிடித்த நாளிலும் மேனேஜர் எனக்குக் கை கொடுக்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"டீம் லீடுக்கு இன்னான்னு எழுதன?" என்று கேட்டேன்.

"நீதானே சொன்ன, மெஷின் நல்லாகீதுன்னு. அதான் என் தப்புன்னே எழுதினேன். எல்லாத்துக்கும். இன்னும் ஒரு வாட்டி அறுந்தா ட்ரையலோட போயிடுன்னு மெசேஜ் வந்திருக்கு."

நான் பாஸ் செய்த மெஷினுக்காக என் மகள் தன் பேரில் தப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடாதபோது நான் என்ன செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கப் போனேன்.

"தொடாத. இன்னும் கொஞ்ச நேரத்துல ஷிஃப்ட் ஆரம்பிக்குது. நீ தூக்கிகினு போனா நல்லா ஓடும், நான் ஒக்காந்தா நின்னுடும். இன்னிக்கி நீ இங்கயே ஒக்காரு. முடியற வரைக்கும் கைய மடியில வெச்சுக்க."

உட்கார்ந்தேன். கோளாறு இருக்கிற இடத்தில் போய் நில் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனை, அவன் மகள் அதட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. யாரோ ஒரு அம்மாவுக்கு இடியாப்ப அச்சு கேட்ட இடத்தில் முறுக்கு அச்சு போயிருந்தது. பிரின்சி பொறுமையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது. அந்த வகையில் நான் சொன்னதில் ஒன்றாவது சரியாக இருந்தது. ஆனால் மேலே ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்ததும் அறை புழுங்கியது. கொஞ்ச நேரத்தில் பிரின்சி தட்டுகிற எழுத்து திரையில் தாமதமாக வர ஆரம்பித்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விரலை நிறுத்தவில்லை.

மடியிலிருந்த கை தானாக எழுந்து பெட்டியின் மேல் போயிற்று. துணிக்கு மேலேயே சுட்டது, இட்லிப் பானையைப் பிடிதுணியோடு தொட்ட மாதிரி. அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மேசையில் ஓடியதும் இங்கே நின்றதும், அடாப்டரும், மெமரியும், ரிச்சி ஸ்ட்ரீட்டும்.

உறையை உருவப் போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். காரணம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்தான் நாம் அதிகமாகக் கெடுப்போம். எலாஸ்டிக் அடியில் கவ்வியிருந்தது, பவர் வயர் பட்டன் ஓட்டைக்குள் இறுக்கமாக இருந்தது. இரண்டும் என் உத்தரவு. இழுத்தால் துணியோடு வயரும் வந்துவிடும். வயர் வந்தால் முறுக்கு அச்சு அம்மா போய்விடுவார், அவரோடு பிரின்சியின் வேலையும் போய்விடும்.

"ஸ்டெல்லா, கத்திரிக்கோல் எடுத்துகினு வா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

கொண்டுவந்தாள். எதற்கு என்று தெரிந்ததும் முகம் மாறியது. இரண்டு முறை தைத்த துணி அது. "வெட்டப் போறீங்களா?"

"சூடு வெளிய போவ வழியில்ல. நான்தான் மூடச் சொன்னேன். நீ மொதல்ல தெச்சதுதான் சரி."

ஒரு கையால் வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உறையை மேலிருந்து கீழே வெட்டினேன். வெட்ட வெட்ட உள்ளிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. ஸ்டெல்லா சுவரிலிருந்த காலண்டர் அட்டையைக் கழற்றி விசிற ஆரம்பித்தாள். ஒரு மெஷினுக்கு முன்னால் ஒருத்தி தட்டுகிறாள், ஒருத்தி விசிறுகிறாள், ஒருவன் வயரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறான். ஃபேனே தேவையில்லாத கம்ப்யூட்டர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. பிறகு வார்த்தை வார்த்தையாக. பிறகு அவள் கை வேகத்துக்கே வந்துவிட்டது. முறுக்கு அச்சைத் திருப்பி எடுத்துக்கொண்டு இடியாப்ப அச்சு அனுப்புவதாக எழுதி முடித்தாள். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் அணையவில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் டீம் லீடுக்கு உண்மையான காரணத்தை எழுத வேண்டும் என்றாள். நான் சொல்கிறேன், நீ தட்டு என்றேன். நம் பக்கம் தப்பு இருக்கும்போது எழுதுவதற்கென்று நமக்கு ஒரு நடை உண்டு, நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "கடுமையான வெயில் காரணமாகவும், மின்தடை காரணமாகவும்..."

பிரின்சி கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வெயிலாப்பா வந்து துணி போட்டுச்சு?"

ஸ்டெல்லா காலண்டர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெயில் என்று எழுதிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கும் மரியாதை. ஆனால் அந்த அறையில் ஒருத்தி தன் பேரில் தப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், இன்னொருத்தி சரியாகத் தைத்ததை நான் தப்பென்று திருப்பி அனுப்பியிருந்தேன். எழுதுகிற காரணம் யார் தலையில் போய் உட்காரும் என்று பார்க்காமல் எழுதாதீர்கள். எனக்கு அது புரிய ஒரு வேலைக்காலமும் ஒரு கம்ப்யூட்டரும் செலவாயிற்று.

"இல்ல. நீயே எழுது. நடந்தத அப்படியே எழுது" என்றேன்.

எழுதி, எனக்குப் படித்தும் காட்டினாள். "என் தப்புன்னு முன்னாடி எழுதினது சரியில்ல. இது எங்கப்பா செஞ்ச மெஷின். அது மேல துணி போட்டு இறுக்கி மூடச் சொன்னதும் அவர்தான். சூட்டுல நின்னுபோச்சு. இன்னிக்கு அவரே துணிய வெட்டி எடுத்துட்டாரு. இனிமே நிக்காது." என் காலத்தில் நான் எழுதிய எந்த ரிப்போர்ட்டும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. இவ்வளவு உண்மையாகவும் இருந்ததில்லை.

பதில் வர நேரமாயிற்று. ஸ்டெல்லா வெட்டிய துணியைப் பொறுக்கி மடித்தாள். நான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பழைய தப்புகளை எடுத்துவிட்டதாகவும், ட்ரையல் தொடர்வதாகவும், நாளை காலை ஷிஃப்ட்டுக்கு வரும்படியும் மெசேஜ் வந்தது. ஸ்டெல்லா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கூடவே கீழே ஒரு கேள்வியும் வந்தது. இனிமேல் மெஷினை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பிரின்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் எனக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவளே 'நான்' என்று தட்டி அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளி ஒக்காரு. காத்த மறைக்கிற."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.